அங்கேயும் எதிரி, இங்கேயும் எதிரி! ஜான் ஜோரஸ் கதை

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி.

பாரீஸ் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு நாள். ஜூரிகள் 12 பேர். கைதிக் கூண்டில் நின்றவன் பெயர் ராவுல் வில்லேன். வயது 33.

சுட்டது அவன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுட்டுவிட்டு ஓடும்போது தெருவிலேயே பிடிபட்டவன். தான் சுட்டதை அவனும் மறுக்கவில்லை.

ஆனால் அவன் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் சொன்னார்கள். 11 பேர் ஒரு பக்கம். ஒரே ஒருவர் மட்டும் மறுபக்கம். வில்லேன் விடுதலை ஆனான்.

அதோடு முடியவில்லை. செத்தவரின் மனைவி அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரராகச் சேர்ந்திருந்தார். வழக்குச் செலவை அந்த அம்மாள்தான் கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது!

கொன்றவன் வீட்டுக்குப் போனான். கணவனைப் பறிகொடுத்தவள் தலையில் செலவு விழுந்தது.

அப்படிச் செத்தவர் யார்? திருடரா? தேசத்துரோகியா?

அவர் பெயர் ஜான் ஜோரஸ். பிரான்சு நாட்டின் பார்லிமெண்டு மெம்பர். பத்திரிகை ஆசிரியர். பிரான்சு கண்ட மாபெரும் பேச்சாளர்களில் ஒருவர். பிரான்சுக்காரனும் ஜெர்மன்காரனும் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாக வேண்டியதில்லை என்று சொன்னார். அதுதான் அவர் செய்த குற்றம்.

தோற்ற நாட்டில் வளர்ந்த பிள்ளை

பிரான்சின் தென்கோடியில் காஸ்த்ரு என்று ஓர் ஊர். அங்கே 1859-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி ஜோரஸ் பிறந்தார். தகப்பனாருக்குச் சிறிய பண்ணை. பெரிய வசதி இல்லை.

அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பேசுவது பாரீஸ் பிரெஞ்சு அல்ல. ஒக்ஸிதான் என்ற தனி மொழி. ஜோரஸ் அந்த மொழியைக் கடைசி வரை மறக்கவில்லை. பெரிய தலைவர் ஆன பிறகும், ஊர்ப் பக்கம் போனால் அந்த மொழியிலேயே ஜனங்களிடம் பேசுவார்.

அவருக்கு ஒரு தம்பி. லூயி என்று பெயர். பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து அட்மிரல் பதவி வரை உயர்ந்தார். அண்ணனை நாட்டின் எதிரி என்று ஏசினார்களே, அந்த அண்ணனின் தம்பிதான் நாட்டின் கப்பற்படையில் அதிகாரி!

ஜோரசுக்கு 11 வயது நடக்கும்போது, 1870-ல், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. பிரான்சு படுதோல்வி அடைந்தது. ஜெர்மனி 500 கோடி பிராங்கு தண்டம் வாங்கியது. அல்சேஸ் மாகாணத்தையும், லொரேன் மாகாணத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது.

பாரீசில் ஒரு பெரிய சதுக்கத்தைச் சுற்றிப் பிரெஞ்சு நகரங்களின் பெயரால் சிலைகள் உண்டு. அவற்றில் ஒன்று, அல்சேசின் தலைநகரமான ஸ்ட்ராஸ்பர்க்கின் சிலை. அந்தச் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தி, மாலை போட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் காப்போம் அல்லவா? அதுபோலப் பல ஆண்டுகள் துக்கம் காத்தார்கள். அதைப் பார்த்து ஒரு தலைமுறையே வளர்ந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பிரான்சுக்காரன் பழி வாங்க வருவான், தயாராக இரு என்பது அவர்களுக்குப் பாடம்.

ஒரே ஆறு. இரண்டு கரை. இரண்டு கரையிலும் ஒரே பாடம்!

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஒரு கல்வி இன்ஸ்பெக்டர் அவனைக் கவனித்தார். உபகாரச் சம்பளம் கிடைக்கச் செய்து பாரீசுக்கு அனுப்பினார். 1878-ல் நாட்டிலேயே மிகக் கடினமான கல்லூரி நுழைவுப் பரீட்சையில் ஜோரஸ் முதலாவதாகத் தேறினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற தத்துவ ஞானி பெர்க்சன் அவருடைய வகுப்புத் தோழர்.

பிறகு தத்துவ ஆசிரியர் ஆனார். டாக்டர் பட்டத்துக்கு இரண்டு ஆராய்ச்சி நூல்கள் எழுதினார். அதில் ஒன்று லத்தீன் மொழியில் எழுதியது. விஷயம் என்ன தெரியுமா? ஜெர்மன் நாட்டில் சோஷலிசக் கருத்து எங்கே வேர் விட்டது என்பது. லூதர், காண்ட், ஹெகல் முதலிய ஜெர்மன் அறிஞர்களைக் கரைத்துக் குடித்திருந்தார்.

ஜெர்மனி என்றதும் மற்றவர்களுக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும். அவருக்குப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. பின்னால் வந்த வம்பு எல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

சுரங்கத் தொழிலாளிகளின் மெம்பர்

1885-ல் தேர்தலில் நின்று ஜெயித்தார். அப்போது வயது 26. அடுத்த தேர்தலில் தோற்றார்.

1892-ல் கார்மோ என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஒரு தகராறு. கால்வினியாக் என்ற தொழிலாளியை ஜனங்கள் ஓட்டுப் போட்டு நகர மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். சுரங்க முதலாளிகள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜோரஸ் அவர்கள் பக்கம் நின்று எழுதினார், பேசினார். கடைசியில் மேயர் வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு அதே ஊர் ஜோரசைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. இடையில் 4 ஆண்டுகள் நீங்கலாக, சாகும் வரை அவர் அந்த ஊர் மெம்பர்தான்.

குட்டையான பருத்த உருவம். முகம் நிறையத் தாடி. கசங்கிய கோட்டு. ஆளைப் பார்த்தால் மதிக்கத் தோன்றாது. வாய் திறந்தால் கூட்டம் அசையாது. அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குத் தொண்டையை மட்டும் நம்பிப் பேசினார்.

உளவாளி என்று ஒரு வழக்கு

பிரெஞ்சு ராணுவத்தில் டிரைபஸ் என்று ஒரு கேப்டன். யூதர். ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றார் என்று 1894-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துத் தீவாந்தரம் அனுப்பினார்கள்.

ஆரம்பத்தில் ஜோரசும் அதை நம்பினார். ஒன்றும் இல்லாத ஏழைச் சிப்பாய்க்கு மரண தண்டனை. டிரைபசுக்கு மட்டும் உயிர்ப்பிச்சையா என்று பார்லிமெண்டில் கேட்கவும் செய்தார்.

பிறகு காகிதங்களைப் படித்தார். படிக்கப் படிக்கச் சாட்சியம் பொய் என்று தெரிந்தது. 1898-ல் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். வக்கீல் வாதாடுவதுபோல ஒவ்வொரு சாட்சியமாக எடுத்து உடைத்தார்.

அப்போது அவருக்கு வந்த பதில் முக்கியமானது. சாட்சியம் மெய்யா பொய்யா என்று வாதாடியவர்கள் குறைவு. ராணுவத்தைச் சந்தேகப்படுகிறவன் ஜெர்மனியின் ஆள் என்றார்கள் பலர். எதிரி எதிரில் நிற்கும்போது வீட்டுக் குற்றத்தைப் பேசலாமா என்றார்கள். ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்காகத் தீவில் கிடக்கிறானே என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

1906-ல் டிரைபஸ் நிரபராதி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் ஜோரசைத் திட்டியவர்கள் திட்டுவதை நிறுத்தவில்லை.

பெர்லினில் தடை, பாரீசில் வசவு

1904-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி ஜோரஸ் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் லுமானிதே. மனித குலம் என்று அர்த்தம்.

அடுத்த ஆண்டு மொராக்கோ விவகாரம் வந்தது. ஆப்பிரிக்காவில் உள்ள அந்த நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவரப் பிரான்சு பார்த்தது. ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்லியம் நேரே மொராக்கோவில் போய் இறங்கினார். இரண்டு நாடும் முறைத்துக்கொண்டன. போர் வரும்போல இருந்தது. மொராக்கோ ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறத்தியார் நிலத்துக்காக இந்தச் சண்டை எதற்கு என்று தன் நாட்டு மந்திரிகளையே ஜோரஸ் கண்டித்தார்.

ஜெர்மன் சோஷலிஸ்ட்டுகள் அவரைப் பெர்லினுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாட்டுத் தொழிலாளர்களும் சமாதானத்துக்காகச் சேர்ந்து நிற்கலாம் என்று அங்கே பேசுவதாக ஏற்பாடு. ஜெர்மன் பிரதமர் பியூலோ விடவில்லை. வரக் கூடாது என்று தடுத்துவிட்டார். பேச இருந்ததை ஜோரஸ் எழுதி அனுப்பினார். அது ஜெர்மன் கட்சிப் பத்திரிகையில் வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாரீஸ் பத்திரிகைகள் அவரை ஜெர்மனியின் கையாள் என்று எழுதுகின்றன. ஜெர்மனியோ அவர் வந்து பேசக் கூடாது என்கிறது. கையாளை யாராவது வாசலில் தடுப்பார்களா? இந்தக் கேள்வியைப் பாரீசில் கேட்டவர்கள் அதிகம் இல்லை.

பயந்தவர், நாட்டைக் காக்க மனம் இல்லாதவர் என்றும் அவரைச் சொன்னார்கள். அது பொய். புதிய ராணுவம் என்று தடித்த புத்தகம் ஒன்றை அவர் 1911-ல் வெளியிட்டார். ராணுவமே வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. நாடு தாக்கப்பட்டால் எல்லோரும் எழுந்து காக்க வேண்டும் என்கிறார். அதற்காக வாலிபர்களை ஆண்டுக்கணக்கில் பாரக்சில் அடைக்க வேண்டாம். ஊரில் இருந்தபடியே எல்லோருக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார். சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் செய்தார்கள்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டு நாடுகளுக்குள் தகராறு வந்தால் யார் பக்கம் நியாயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாடு என்பதால் நாம் சொல்வதுதான் சரி என்று சொல்ல முடியுமா? அவர் ஒரு வழி சொன்னார். மத்தியஸ்தத்துக்கு வரச் சம்மதமா என்று இரண்டு பேரையும் கேட்க வேண்டும். எவன் மாட்டேன் என்கிறானோ அவன் குற்றவாளி. அது நம் சர்க்காராக இருந்தாலும் சரிதான்!

கிராமத்தில் வரப்புச் சண்டைக்கு நாம் செய்கிற காரியம்தான் இது. பெரிய சாம்ராஜ்யங்களுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

1912-ம் ஆண்டு நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் பல நாட்டு சோஷலிஸ்ட்டுகள் கூடினார்கள். கூட்டத்துக்கு அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தையே கொடுத்தார்கள். கோவில் மணிகள் முழங்கின. ஜோரஸ் அந்த மணியையே வைத்துப் பேச்சைத் தொடுத்தார். ஷில்லர் என்ற கவிஞர் மணியைப் பற்றிப் பாடிய பாட்டை நினைவுபடுத்தினார். ஷில்லர் ஜெர்மன் கவிஞர்!

1913-ல் பிரெஞ்சு சர்க்கார் கட்டாய ராணுவ சேவையை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்த்தியது. ஜெர்மனியும் அதே ஆண்டில் படையைப் பெருக்கியது. அவன் பெருக்கினான், அதனால் நானும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். ஜோரஸ் எதிர்த்தார். மே 25-ந் தேதி பாரீசை அடுத்த ஒரு மைதானத்தில் 1½ லட்சம் பேர் கூடினார்கள். அன்று எடுத்த போட்டோ ஒன்று இன்றும் புத்தகங்களில் வருகிறது. கொடிக் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி, உடம்பை முன்னால் வளைத்து, தாடியும் குரலுமாக நிற்கிறார் ஜோரஸ்.

சட்டம் என்னவோ நிறைவேறிவிட்டது.

அதற்குப் பிறகு வசவு எல்லை மீறியது. ஜெர்மன் சிப்பாயின் கூர்முனைத் தொப்பியை அவர் தலையில் மாட்டிக் கேலிச்சித்திரம் போட்டார்கள். பழைய நண்பரான பெக்கி என்ற கவிஞரே அவரைத் துரோகி என்று தூற்றி எழுதினார். போர் வந்தால் முதல் வேலையாக இவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட வேண்டும் என்ற பொருளில் ஒரு பத்திரிகை எழுதியது. அது 1914 ஜூலை. இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி.

கடைசி ஒரு வாரம்

1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சரயேவோ நகரத்தில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் செர்பிய இனத்து வாலிபன்.

ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் தகராறு. அதில் பிரான்சு எங்கே வந்தது?

செர்பியாவுக்குத் துணை ரஷியா. ரஷியாவுக்குத் துணை பிரான்சு. ஆஸ்திரியாவுக்குத் துணை ஜெர்மனி. சங்கிலிபோல் கோத்து வைத்திருந்தார்கள். ஒரு கண்ணியை இழுத்தால் எல்லாம் வரும்.

ஜூலை 25-ந் தேதி லியோன் நகரத்தின் வேஸ் பகுதியில் ஜோரஸ் பேசினார். ஜெர்மனி, ஆஸ்திரியா மீது குற்றம் சொன்னார். ரஷியாவின் சூழ்ச்சியையும் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மொராக்கோவைப் பிடித்த பிரான்சுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்றார். எதிராளியின் குற்றத்தை எல்லோரும் பேசுவார்கள். தன் வீட்டுக் குற்றத்தையும் அதே பட்டியலில் சேர்த்தவர் அந்த வாரத்தில் மிகச் சிலர்.

28-ந் தேதி ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்தது.

29-ந் தேதி ஜோரஸ் பெல்ஜியத் தலைநகரமான புருசெல்சுக்கு ஓடினார். பல நாட்டு சோஷலிஸ்ட்டுத் தலைவர்கள் அங்கே அவசரமாகக் கூடினார்கள். ஜெர்மனியிலிருந்து ஹியூகோ ஹாசே வந்திருந்தார். அவர் ஜெர்மன் சோஷலிஸ்ட்டுக் கட்சித் தலைவர்களில் ஒருவர். தொழிலால் வக்கீல்.

இரவு பிரமாண்டமான பொதுக்கூட்டம். ஆயிரக்கணக்கான ஜனங்களின் முன்னால், மேடையில் ஜோரஸ் ஹாசேயின் தோளில் கை போட்டுக்கொண்டார். பிரான்சும் ஜெர்மனியும் ஒருவரை ஒருவர் சுட இன்னும் சில நாள்தான் இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

மறுநாள் ரெயிலுக்குச் சற்று நேரம் இருந்தது. புருசெல்ஸ் மியூசியத்துக்குப் போய்ப் பழைய காலத்து ஓவியங்களைப் பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறது, போரைத் தடுத்துவிடலாம் என்று நம்பினார்.

நம்பிக்கை பொய்த்தது. அன்றுதான் ரஷியா தன் முழுப் படையையும் திரட்ட உத்தரவு போட்டது. 31-ந் தேதி ஜெர்மனி ரஷியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. பிரான்சுக்கும் கெடு வைத்தது.

அந்த 31-ந் தேதி முழுவதும் ஜோரஸ் பாரீசில் மந்திரிகளின் வாசலில் ஏறி இறங்கினார். ரஷியா இழுத்த இழுப்புக்குப் போகாதீர்கள் என்று மன்றாடினார். மாலையில் வெளிநாட்டு இலாகா துணை மந்திரி ஆபெல் பெரியைப் பார்த்தார். பலன் இல்லை. அன்று இரவே பத்திரிகையில் ஒரு காரமான கட்டுரை எழுதுவது என்று முடிவு செய்தார்.

அதற்கு முன் சாப்பிட வேண்டுமே!

ஜன்னல் ஓரம்

பத்திரிகை ஆபீசுக்குப் பக்கத்தில் குருவாசான் என்று ஒரு ஓட்டல். நண்பர்களுடன் அங்கே போனார். கோடைகாலம். புழுக்கம். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு திரை மட்டும் தொங்கியது. ஜோரஸ் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிகிற நேரம். பத்திரிகைக்காரர் ஒருவர் மேஜை அருகே வந்தார். ஒரு சிறு பெண் குழந்தையின் போட்டோவைக் காட்டினார். ஜோரஸ் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

மணி 9-40.

திரை விலகியது. ஒரு கை நீண்டது. இரண்டு குண்டு. ஒன்று குறி தவறியது. மற்றொன்று ஜோரஸ் தலையில் பாய்ந்தது. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. வயது 54.

சுட்டவன் வில்லேன். ரெய்ம்ஸ் ஊரான். கோர்ட்டு குமாஸ்தா ஒருவரின் மகன். அல்சேஸ், லொரேன் மாகாணங்களை மீட்க வேண்டும் என்ற வாலிபர் சங்கம் ஒன்றில் இருந்தவன். ஜோரசுக்கும் அவனுக்கும் சொந்தப் பகை எதுவும் கிடையாது. ஜோரசை நேரில் அறிந்தவனும் அல்ல. பத்திரிகையில் படித்தவன், படித்ததை நம்பியவன். எழுதியவர்கள் யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை.

ஒரே நாள், இரண்டு நகரம்

ஆகஸ்டு 1-ந் தேதி பிரான்சு படை திரட்டியது. 3-ந் தேதி ஜெர்மனி பிரான்சு மீது போர் தொடுத்தது.

4-ந் தேதி பாரீசில் ஜோரசின் இறுதி ஊர்வலம். அவரை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர்களும் வந்தார்கள். நேற்று வரை போர் வேண்டாம் என்று முழங்கிய தொழிற்சங்கத் தலைவர் ஜூவோ, சவப்பெட்டியின் முன்னால் நின்று, போருக்குப் போகிறோம் என்று பேசினார். அன்றைக்கே பார்லிமெண்டு போர்ச் செலவுக்கு ஏகமனதாகச் சம்மதித்தது. ஜோரசின் கட்சி மெம்பர்கள், 100 பேருக்கு மேல், அவர்களும் கை தூக்கினார்கள்.

அதே 4-ந் தேதி பெர்லினில் ஜெர்மன் பார்லிமெண்டு கூடியது. போர்ச் செலவுக்கு ஓட்டுப் போடுவதா என்று ஜெர்மன் சோஷலிஸ்ட்டுகள் தனியே கூடிப் பேசினார்கள். 78 பேர் போடலாம் என்றார்கள். 14 பேர் கூடாது என்றார்கள். அந்த 14 பேரில் ஹாசே ஒருவர். ஆனால் கட்சித் தலைவர் என்ற முறையில் சம்மத அறிக்கையைச் சபையில் படித்தவரும் ஹாசேதான்! ஆறு நாளுக்கு முன் அவர் தோளில் ஜோரசின் கை இருந்தது.

அந்த வாரம் யாரும் தாங்கள் அடிக்கப் போவதாகச் சொல்லவில்லை. ரஷியா வருகிறது, காத்துக்கொள்கிறோம் என்றது ஜெர்மனி. ஜெர்மனி வருகிறது, காத்துக்கொள்கிறோம் என்றது பிரான்சு. செர்பியாவைக் காக்கிறோம் என்றது ரஷியா. எல்லோரும் தற்காப்பு! ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் தற்காப்பு என்ற பெயரில்தான்.

போர் நாலு ஆண்டுக்கு மேல் நடந்தது. பிரான்சில் ஏறக்குறைய 14 லட்சம் சிப்பாய்கள் மாண்டார்கள். ஜெர்மனியில் ஏறக்குறைய 20 லட்சம். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். திரும்பி வராதவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது.

ஜோரசைத் துரோகி என்று எழுதிய பெக்கி, போர் தொடங்கிய ஐந்தாவது வாரமே, செப்டம்பர் 5-ந் தேதி, போர்க்களத்தில் விழுந்தார்.

ஜோரசுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் பெயரும் லூயிதான். வயது வருவதற்கு முன்பே தானாகப் படையில் சேர்ந்தான். 1918-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி ஜெர்மானியரோடு போரிட்டு மடிந்தான். வயது 19.

ஜெர்மனியின் கையாள் என்று சொன்னார்களே, அவர் பெற்ற பிள்ளை அவன்.

தீர்ப்பு வந்த மாதம்

வில்லேன் மீதான விசாரணையைப் போர் முடியும் வரை தள்ளி வைத்தார்கள். நாலரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தான். 1919 மார்ச்சில் வழக்கு நடந்தது. பிரான்சு ஜெயித்துவிட்டிருந்த நேரம். ஊரெல்லாம் வெற்றி மயக்கம். ஜோரஸ் இருந்திருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்குமா என்ற பேச்சு அடிபட்டது. ஜூரிகளும் அந்த ஊர்க்காரர்கள்தானே! அந்த வழக்கில் கட்சிக்காரராகச் சேர்ந்திருந்தவள் மகனையும் இழந்த தாய் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அதே மாதத்தில் பாரீசில் இன்னொரு வழக்கும் நடந்தது. கொத்தேன் என்ற வாலிபன் பிரதமர் கிளமென்சோவைச் சுட்டிருந்தான். கிளமென்சோ சாகவில்லை. காயத்தோடு பிழைத்தார். கொத்தேனுக்கு என்ன தண்டனை தெரியுமா? மரண தண்டனை! பிறகு அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்கள்.

ஒரு பக்கத்து ஆளைக் காயப்படுத்தியவனுக்குத் தூக்குமேடை போன்ற தண்டனை. மறுபக்கத்து ஆளைக் கொன்றவனுக்கு வீடு. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே 15 நாள்தான்.

தீர்ப்பைக் கேட்டு ஜனங்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 6-ந் தேதி பாரீசில் மிகப் பெரிய கண்டன ஊர்வலம் போயிற்று. தீர்ப்பு மாறவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் பெர்லினில் பார்லிமெண்டு வாசலில் ஹாசேயை ஒருவன் சுட்டான். ஒரு மாதம் கிடந்து, நவம்பர் 7-ந் தேதி ஹாசே இறந்தார். புருசெல்ஸ் மேடையில் தோள் சேர்த்து நின்றவர்கள் இருவரும் துப்பாக்கிக் குண்டுக்கே பலியானார்கள்.

வில்லேன் கடைசியில் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இபிசா தீவில் குடியேறினான். 1936-ம் ஆண்டு செப்டம்பரில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, சுட்டுக் கொல்லப்பட்டான்.

1924-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி ஜோரசின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்து, பாரீசில் நாட்டின் பெரியோர்களை வைக்கும் பாந்தியோன் மண்டபத்துக்கு ராஜ மரியாதையுடன் கொண்டு போனார்கள். கார்மோ சுரங்கத் தொழிலாளிகள், சுரங்கத்துக்குள் போடும் உடையோடு, உடன் நடந்தார்கள். அன்றைக்கும் ஒரு சண்டை! கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்ட்டுகளும் ஒரே ஊர்வலத்தில் நடக்க மாட்டோம் என்று தனித்தனியாகப் போனார்கள். இருவரும் ஜோரஸ் எங்கள் ஆள் என்றார்கள்.

குருவாசான் ஓட்டல் சுவரில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது.

பாரீசின் வடகிழக்கில் அவர் பெயரால் அகலமான சாலை ஒன்றும் உண்டு. அதே பெயரில் சுரங்க ரெயில் நிலையமும் உண்டு. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி என்ற பெயரையே கேட்கப் பிடிக்காமல், பாரீஸ் நகரசபை பல தெருக்களின் பெயரை மாற்றியது. பெர்லின் தெரு போயிற்று. அப்போதுதான் இந்தச் சாலைக்கும் ஜோரஸ் பெயரை வைத்தார்கள். அதுவரை அதன் பெயர் ஜெர்மனி தெரு.